காசு கண்டோரும் காசு கற்றோரும்

ஆற்று மணலை அரித்துப் பிழைப்போர் நம் நாட்டில் உளர். கரூரில் அமராவதியிலும், மதுரையில் வையையிலும், நம் பக்கத்துத் திருக்கோவலூரில் தென்பெண்ணையிலும் வெள்ளம் வடிந்த பின் வண்டலை அள்ளித் தட்டில் இட்டு நீரால் அலசிப் பார்ப்பர். பொன் துகளோ, உடைந்த நகைத் துண்டோ அகப்படின் அன்றைக்கு அடுப்பு எரியும். அவற்றோடு சிற்சில வேளைகளில் பச்சை பூத்த செப்புச் சில்லுகளும் அகப்படும். விரல் நகத்தின் அளவே இருக்கும். சில சதுரம், சில வட்டம். அவற்றைப் பழைய உலோகம் வாங்குவோரிடம் எடைக்குப் போடுவர். உலோக வணிகரிடமிருந்து அவை காசு சேர்ப்போர் கைக்கு வரும். அங்கிருந்து அறிஞர் மேசைக்கும், நூலின் பக்கத்துக்கும் ஏறும். கண்டெடுத்தவன் பெயர் முதற்படியிலேயே நின்றுவிடும். நூலின் முகப்பில் நிற்பது கடைசிப் படியில் இருந்தவர் பெயரே.

வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, சங்கம் தோன்றிய கதையையே நான் எழுதுவேன் என்று எண்ணினர் போலும். அதனை எழுத என்னினும் தக்கார் உளர். காசு பற்றிய ஆராய்ச்சி தமிழகத்தில் எவ்வாறு வளர்ந்தது, அதில் நமக்கு உரிய பங்கு யாது என்பதை நம் இளைஞர் அறிதல் நலம் என்று தோன்றியமையால் இதனை எழுதலானேன்.

தென்னாட்டுக் காசுகளைத் திட்டமிட்டுத் திரட்டியோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் காலின் மெக்கன்சி. நில அளவைத் தலைவராய் விளங்கிய அவர் 1821-இல் மறைந்தபோது ஏட்டுச் சுவடிகளோடும் கல்வெட்டுப் படிகளோடும் 6,218 காசுகளை விட்டுச் சென்றார். அவருக்காக ஊர் ஊராகச் சென்று திரட்டிய உதவியாளர் இந்தியரே. அவருக்குப் பின் வந்தவர் சர் வால்டர் எலியட். சென்னை ஆட்சிப் பணியில் நெடுங்காலம் இருந்தவர். அவர் எழுதிய தென்னிந்தியக் காசுகள் என்னும் ஆங்கில நூல் 1886-இல் இலண்டனில் வெளிவந்தது. அதனை முடிக்கும் காலத்து அவருக்குக் கண்ணொளி ஏறத்தாழ முற்றும் மங்கிப்போயிருந்தது. வாழ்நாளெல்லாம் தேய்ந்த எழுத்துகளை உற்று நோக்கியவர், தாம் கண்ட காசுகளை நினைவால் தடவிச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். நூல் வந்த மறு ஆண்டே அவர் மறைந்தார். உத்தம சோழன் பெயர் பொறித்த பொற்காசு ஒன்றின் படத்தை அவர் தந்துள்ளார். அக்காசு பின்னர்க் காணாமற் போயிற்று. அவர் தந்த படம் ஒன்றே இன்று சான்றாய் நிற்கிறது. எழுதிவைத்தலின் அருமைக்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டா.

எலியட்டை அடுத்துக் கேப்டன் டஃப்னெல் காசு சேர்ப்போர்க்குக் குறிப்புகள் எழுதினார். மதுரைப் பக்கத்து அமெரிக்கப் பாதிரியார் டிரேசி பாண்டியர் காசுகளை ஆராய்ந்தார். வேலூரில் இருந்த டேனிஷ் பாதிரியார் லோவெந்தால் 1888-இல் திருநெல்வேலிக் காசுகள் பற்றி நூல் வெளியிட்டார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தர்ஸ்டன் காசுப் பட்டியல்களைத் தொகுத்து அச்சிட்டார். கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் தம் பங்குக்குக் கட்டுரைகள் வரைந்தார். இவர்களால் 'எல்லாம் தலையானான்', 'சோணாடு கொண்டான்', 'புவனேகவீரன்' முதலிய பட்டங்கள் செப்புக் காசுகளினின்று எழுந்து மீண்டும் வரலாற்றுள் நுழைந்தன. தமிழ் எழுத்தைத் தமிழர்க்குப் படித்துக் காட்ட டென்மார்க்கிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆள் வர வேண்டியிருந்தது என்பது சிறிது நாணத்துக்குரியதே. நம்மவருள் திருச்சிராப்பள்ளி வழக்கறிஞர் தேசிகாச்சாரியார் அக்குறையை ஓரளவு நீக்கினார். அவர்தம் தென்னிந்தியக் காசுகள் பற்றிய நூல் 1933-இல் வெளிவந்தது. அதுவும் ஆங்கிலமே.

ஆயினும் ஒரு பெருங்குறை நெடுங்காலம் நீடித்தது. சங்க காலத்து மூவேந்தர் தம் பெயர் பொறித்த காசு வெளியிட்டிலர் என்றே பலர் எழுதி வந்தனர். உரோமர் பொற்காசும் வெள்ளிக் காசும் தமிழகத்தில் மிகுதியாகக் கிடைத்தமையால், தமிழர் பிறர் காசையே வாங்கி வழங்கினர் என்பாரும் இருந்தனர். சங்கப் பாடல்கள் பொன்னையும் காணத்தையும் பேசுகின்றனவே என்று கேட்டால், அவை புலவர் புனைந்துரை என்று தள்ளினர். இலக்கியத்துக்குத் துணை நிற்கும் ஓர் உலோகத் துண்டு தேவைப்பட்டது.

அது 1984-இல் கிடைத்தது. தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி மதுரையில் பெற்ற செப்புக் காசுகளுள் ஒன்றைத் துலக்கியபோது தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்னும் பெயர் வெளிப்பட்டது. வழுதி என்பது பாண்டியர்க்குரிய பெயர் என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். அதன் பின் சேரர்க்குரிய 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை', 'கொல்லிரும்பொறை' முதலிய பெயர் பொறித்த காசுகளும் அறிஞர் நோக்குக்கு வந்தன. அவற்றைப் படிப்பதில் ஐராவதம் மகாதேவனின் எழுத்தறிவு பெரிதும் துணை செய்தது. கிருஷ்ணமூர்த்தி தம் ஆய்வுகளைத் தொகுத்துச் சங்க காலத் தமிழ்க் காசுகள் என்னும் ஆங்கில நூலை 1997-இல் வெளியிட்டார். பல்லவர் காசுகள், கரூரிற் கிடைத்த கிரேக்க, பினீசியக் காசுகள் பற்றியும் எழுதினார். 2021-இல் மறையும் வரை அவர் இத்துறையை விட்டாரல்லர். நாளிதழ் நடத்தும் ஒருவர், பல்கலைக்கழகப் பதவி ஏதுமின்றி, ஒரு துறையின் முடிபையே மாற்றினார் என்பதை இளைஞர் உன்னுதல் வேண்டும்.

நம் பகுதிக்கு அணித்தான செய்தி ஒன்று இங்கே சொல்லத்தக்கது. திருக்கோவலூர் மலையமான்களின் தலைநகர். இன்று அது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அங்குப் பெண்ணையாற்றில் கிடைத்த காசுகளைக் கிருஷ்ணமூர்த்தி தனியே ஆராய்ந்து நூல் செய்தார். அவற்றில் ஒரு புறம் குதிரை நிற்கிறது. மறுபுறம் மலை போன்ற குறியும், மீன்கள் நீந்தும் ஆறு வளைந்து ஓடுவது போன்ற குறியும் உள்ளன. சிலவற்றில் 'மலையமான்' என்னும் பெயரே உள்ளது. மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்பதே பெயர் எனச் சிறுபாணாற்றுப்படையால் அறிகிறோம். மலையும் ஆறும் குதிரையும் ஆகிய மூன்றையும் விரல் நகத்தளவு செம்பில் அடக்கிவிட்டான் அக்கம்மியன். வேந்தன் பெயர் தெரிந்தது. அச்சு வெட்டிய கம்மியன் பெயர் தெரிந்திலது. அப்பாட்டிலேயே புகழப்படும் ஓய்மான் நல்லியக்கோடனின் கிடங்கில், இன்று திண்டிவனம் நகரத்தின் ஒரு பகுதியாகும் என்பதையும் நினைவூட்டுவேன். நம் பிள்ளைகள் நாள்தோறும் அதன் வழியே பள்ளிக்குச் செல்கின்றனர்.

தொல்லியல் துறைத் தலைவராக இருந்த இரா. நாகசாமி 1981-இல் தமிழ்க் காசுகள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். செங்கம் வட்டம் ஆண்டிப்பட்டியில் கிடைத்த ஈயக் காசுகளில் 'எதிரான் சேந்தன்' என்னும் குறுநிலத் தலைவன் பெயர் இருப்பதை அறிஞர் ஆராய்ந்துள்ளனர். பெருவேந்தரே அன்றிச் சிற்றூர்த் தலைவரும் காசு அடித்தனர் என்பது இதனாற் போதரும். சாதவாகனர் வெள்ளிக் காசுகளின் வரலாறு இன்னும் சுவையானது. அவற்றில் ஒரு புறம் அரசன் முகமும் பிராகிருத எழுத்தும் உள்ளன. மறுபுறத்து எழுத்தைச் சிலர் வேறொரு பிராகிருதம் என்றனர். சிலர் தெலுங்கு என்றனர். இரா. பன்னீர்செல்வம் 1969-இல் வெளியிட்ட கட்டுரையில் அது தமிழே என்று காட்டினார். நாகசாமியும் அவ்வாறே நிறுவினார். அரசனின் தாய்ப் பெயரைச் சொல்லி 'மகனுக்கு' என்று பொருள்படும் தமிழ்ச் சொல் அதில் உள்ளது. ஆந்திர நாட்டு வேந்தன் வணிகத்தின் பொருட்டுத் தமிழை நாட வேண்டியிருந்தது! நடன காசிநாதன் இவற்றையெல்லாம் தொகுத்துத் 'தமிழர் காசு இயல்' என்னும் நூலைத் தமிழிலேயே எழுதினார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் 1995-இல் அதனை வெளியிட்டது. இளைஞர் தொடங்குதற்கு ஏற்ற நூல் அது.

பிற்காலத்துக் காசுகளுக்கும் நம் மண் வளமானதே. செஞ்சிக் கோட்டையை மொகலாயர் 1698-இல் கைப்பற்றி அதற்கு நுஸ்ரத்கட் எனப் பெயரிட்டனர். அப்பெயர் பொறித்த காசுகளும் அடிக்கப்பட்டன. மரக்காணத்துக்கு வடக்கே ஆலம்பரைக் கோட்டையிலும் அக்கசாலை இருந்தது. பிரெஞ்சியர் தம் செப்புக் காசில் 'புதுச்சேரி' என்று தமிழிலேயே பொறித்தனர். சந்தையில் கீரை வாங்குவோளுக்குப் பாரசீகம் தெரியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும். காசு என்னும் நம் சொல்லையே ஆங்கிலக் கும்பினியார் 'கேஷ்' என்று வாங்கிக்கொண்டனர். சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். துட்டு என்பது டச்சுக்காரர் தந்த சொல் என்பர்.

இனி, தொடக்கத்தில் விட்ட செய்திக்கு வருவேன்.

என் பாட்டனார் கிணறு வெட்டும் கூலியாள். திண்டிவனத்துக்கு மேற்கே ஓர் ஊரில் இரண்டு ஆள் ஆழம் வெட்டியபோது அவர் கடப்பாரை ஒரு சிறு மண்கலயத்தை உடைத்தது. உள்ளே கறுத்த காசுகள். நிலக்காரர் அவற்றைத் துண்டில் முடிந்துகொண்டார். அன்று மாலை ஏழு கூலியாள்களுக்கும் தலைக்கு ஒரு படி கம்பு கூடுதலாக அளந்தார். காசுகளைக் கன்னாரிடம் கொடுத்து நீர்ச்செம்பு வார்ப்பித்துக்கொண்டதாகக் கேள்வி. பாட்டனார் மடியில் தங்கிய ஒரே காசு துளையிடப்பட்டு, முதலில் என் தந்தையார் அரைஞாண் கயிற்றிலும், பின்னர் என் அரைஞாண் கயிற்றிலும் தொங்கியது. அதில் எழுத்து இருந்ததா என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. மூன்று தலைமுறை வியர்வையில் அது வழவழப்பாயிற்று. பின் ஒரு நாள் ஏரியில் குளிக்கும்போது அறுந்து போயிற்று. பாட்டி இரண்டு நாள் அழுதாள். பேய் பிசாசு அண்டாமல் காத்த காசு என்று அவள் நம்பியிருந்தாள்.

புதையல் பற்றிய சட்டம் 1878-இல் இயற்றப்பட்டது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருள் மண்ணில் கிடைத்தால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தால் அறிவிக்க வேண்டும். உரியவர் எவரும் இல்லை என்று முடிவானபின், நிலத்துக்குரியவரும் கண்டெடுத்தவரும் வேறு உடன்பாடு செய்துகொள்ளாதவிடத்து, நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கும் ஒரு பங்கு நிலத்துக்குரியவருக்கும் சேரும். அரசு அதனை எடுத்துக்கொள்ள விரும்பின் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். அறிவிக்காது மறைப்பின் பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு. நான்கில் மூன்று பங்கு! கடப்பாரை பிடித்த எத்தனை பேருக்கு இதனை எவர் சொன்னார்? எழுத்தால் அறிவிக்க வேண்டும் என்றது சட்டம். எழுத்து நம் தெருவுக்கு வந்தது எப்போது என்பதை இச்சங்கத்தின் மூத்த உறுப்பினர்களைக் கேட்டறிக.

அச்சட்டத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. மதிப்பு உலோகத்தின் மதிப்பே ஆதலால், பொன்னும் வெள்ளியும் அரசின் பார்வைக்கு வந்தன. செம்பும் ஈயமும் பத்து ரூபாய் எல்லைக்குக் கீழே நழுவிக் கன்னார் உலைக்குப் போயின. எனவே பட்டியல்களில் பொற்காசுகள் மின்னுகின்றன. உழைப்போர் கையில் புழங்கிய செப்புக் காசின் வரலாறே மெலிந்து கிடக்கிறது. சங்க காலப் பெயர்களை நமக்குத் தந்தவையோ, பெரும்பாலும் எடைக்கு விற்கப்பட்ட அந்தச் செம்புத் துண்டுகளே.

உழைப்போர் கையில் காசு புழங்கியதா என்பதே ஒரு கேள்வி. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் வேதக் கல்வியின் பொருட்டு 45 வேலி நிலம் விட்டதை அது கூறும். ஆசிரியர்க்கு நாள்தோறும் நெல்லும், ஆண்டுக்குப் பொன்னும் அளந்தனர். அந்நிலத்தை உழுதோர்க்குப் பொன் அளந்ததாக அதில் பேச்சில்லை. அவர்தம் பிள்ளைகள் அக்கல்லூரியில் அமர்ந்ததாகவும் பேச்சில்லை. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் இறையிலி நிலங்களை எண்ணும்போது சுடுகாட்டோடு சேர்த்துப் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் எண்ணுகின்றன. காசில் வேந்தன் நிற்கிறான். கல்லில் நாம் ஒரு வரியில் ஒதுக்கப்பட்டு நிற்கிறோம். இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றிச் சோழர் பொருளியல் விளங்காது என்பது என் துணிபு. கூலி நெல்லாகவும் கம்பாகவும் கேழ்வரகாகவும் அளக்கப்பட்ட வழக்கம் என் தந்தையார் காலம் வரை எங்கள் பக்கத்தில் இருந்தது. மரக்காலின் அடியில் கட்டை வைத்து அளந்தால் கூலியாள் என்ன செய்வான்? காசை எண்ணலாம், அளவுக்கு அப்படி ஓர் உறுதி இல்லை. கூலியைக் காசாகக் கேட்டதே ஓர் உரிமைக் குரல் என்பதை இன்றைய இளைஞர் அறியார்.

காசின் வரலாற்றை எழுதினோருள் நம்மவர் எவரும் இல்லையோ என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. அண்ணல் அம்பேத்கர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியற் பேரறிஞர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் ரூபாயின் வரலாறே. 'ரூபாயின் சிக்கல்: தோற்றமும் தீர்வும்' என்னும் பொருள்பட்ட அந்நூல் 1923-இல் இலண்டனில் வெளிவந்தது. ஆசிரியர் எட்வின் கேனன் சில கருத்துகளில் மாறுபட்டும் முன்னுரை வழங்கினார். பொன் வராகன் வழங்கிய சென்னை மாகாணத்தில் 1818-இல் வெள்ளி ரூபாய் அளவையானது, 1835-இல் 180 கிரெயின் எடையும் அதில் 165 கிரெயின் தூய வெள்ளியும் உடைய ஒரே ரூபாய் நாடெங்கும் வந்தது, 1893-இல் அக்கசாலைகள் பொதுமக்கள் வெள்ளிக்கு மூடப்பட்டது ஆகியவற்றையெல்லாம் ஆவணங்களைக் கொண்டு அவர் அலசுகிறார். ரூபாயின் வாங்கும் ஆற்றல் நிலைபெற்றாலன்றி ரூபாய் நிலைபெறாது என்பது அவர் கண்ட முடிபு. 1925-இல் ஹில்டன் யங் தலைமையிலான அரச ஆணையத்தின் முன் அவர் சான்றும் அளித்தார். நாம் அண்ணலைச் சட்டம் வகுத்தவராகவே போற்றிப் பழகிவிட்டோம். அவர்தம் முதற்பெருநூல்களுள் ஒன்று காசைப் பற்றியது என்பதை மேடைகளில் சொல்வார் அரியர். 1990-இல் அவர் நூற்றாண்டை ஒட்டி இந்திய அரசு அவர் உருவம் பொறித்த ஒரு ரூபாய் நாணயத்தை வெளியிட்டது. 2015-இல் 125-ஆம் ஆண்டை ஒட்டிப் பத்து ரூபாய், 125 ரூபாய் நாணயங்கள் வந்தன. ரூபாயை ஆராய்ந்தவர் ரூபாயிலேயே ஏறினார்.

நம் தமிழ்நாட்டில் அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய வார இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. அக்காலத்து ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நான்கு பைசா. ரூபாயில் 64-இல் ஒரு பங்கு கொடுத்தவன் கையில் வரலாறும் சமயமும் மொழியாராய்ச்சியும் வந்து சேர்ந்தன. ஓராண்டில் 'தமிழன்' என்று பெயர் சுருங்கிற்று. பெயரில் விலையையே பொறித்து, அவ்விலையை எளியோன் மடிக்கு எட்டுமாறு வைத்த அந்தத் துணிவைக் காசு ஆராய்ச்சியை வெளியிடுவோர் சிறிது கருதினால் நன்று. இன்றும் இத்துறை நூல்களிற் பெரும்பாலன ஆங்கிலத்தில், வழுவழுப்பான தாளில், ஒரு மாதக் கூலியை விழுங்கும் விலையில் வருகின்றன. 1990-களின் தொடக்கம் முதல் தென்னிந்தியக் காசியல் கழகம் வெளியிட்டு வந்த ஆய்வுத் தொகுதிகளும் ஆங்கிலமே. அவற்றின் அருமையை மறுக்கவில்லை. காசில் இருப்பது தமிழ். அதனைக் கண்டெடுத்தவன் அறிந்ததும் தமிழ். இடையில் நிற்கும் நூல் மட்டும் வேறு மொழி.

நம் சங்க நூலகத்தில் காசிநாதன் நூலும் அண்ணலின் ரூபாய் நூலின் தமிழாக்கமும் இடம்பெற வேண்டும் என்று செயற்குழுவுக்கு விண்ணப்பம் செய்கிறேன். கல்லூரியில் வரலாறு பயிலும் நம் மாணவர்க்கு வேறொரு விண்ணப்பம் உண்டு. ஏரி வேலைக்கும் கிணற்று வேலைக்கும் செல்லும் நம் தாய்மார், தந்தைமார் கையில் பழங்காசு அகப்பட்டால் புளியிட்டுத் துலக்க வேண்டா என்று முதலிற் சொல்லுங்கள். துலக்கினால் பச்சையோடு எழுத்தும் போய்விடும். மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் நீக்குக. இரு புறமும் படம் எடுக்க. தட்டார் தராசில் கிராம் கணக்கில் எடையும், அளவுகோலால் குறுக்களவும் குறிக்க. கிடைத்த ஊர், இடம், ஆழம், அதனோடு கிடைத்த ஓடு, மணி முதலியன, கிடைத்த நாள் ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதுக. ஒரு காசின் பயன் பாதி அது கிடைத்த இடத்தில் இருக்கிறது. இடம் தெரியாத காசு, முகவரி கிழிந்த கடிதம் போன்றது. பிறகு வட்டாட்சியருக்கு எழுத்தால் அறிவித்து, கையொப்பமிட்ட படி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்க. எழும்பூர் அருங்காட்சியகத்திலும் கடலூர் அருங்காட்சியகத்திலும் உள்ள காசுகளைப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுக.

அந்த நோட்டின் முதற்பக்கத்தில், தேதிக்கும் முன்னதாக, கண்டெடுத்தவர் பெயரை எழுதுக.